பாட்டுக்குள் பதிலை வைக்காதீர்கள்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, “மேடம், ரத்தக் கொதிப்புக்கு எந்த ராகம், மூட்டு வலிக்கு எந்த ராகம்னு ஒரு சார்ட் இருந்தா குடுங்களேன்” என்று கேட்டார். முகத்தைப் பார்த்தால் நல்ல பிள்ளை. அதனால் திட்டாமல் அனுப்பிவிட்டேன். இன்றைக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள், சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு சார்ட் கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இசை சிகிச்சை என்றால் நோயாளியின் தலைமாட்டில் பாட்டைப் போட்டுவிட்டு நாம் காபி குடிக்கப் போவதல்ல. பக்கவாதத்தில் கால் இழுத்துக்கொண்டிருப்பவரை ‘நட, நட’ என்று அதட்டிப் பாருங்கள், நகரமாட்டார். பக்கத்தில் நின்று சீராகக் கை தட்டுங்கள், நாலு எட்டு வைப்பார். தீப்புண்ணோடு சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு பெண், கட்டு மாற்றும்போதெல்லாம் தினை குத்தும் பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே இருப்பாள். வலி போய்விட்டதா என்று கேட்டால் இல்லை என்பாள். ஆனால் மூச்சு சீராக இருந்தது, கை திமிறாமல் இருந்தது, எங்களால் கட்டு மாற்றி முடிக்க முடிந்தது. அடுத்தது பேச்சு. மூளையில் அடிபட்டுப் பேச்சை இழந்த சிலருக்குப் பாட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டே அவரைப் பேச்சு வரைக்கும் மெதுவாகக் கூட்டி வரலாம். என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி இதில்தான் போனது.

இதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கும். புத்தகத்தில் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. பாட்டை வைத்து ஒருவர் வாயில் எதை வேண்டுமானாலும் வைத்துவிட முடியும். அவருக்கே விருப்பமில்லாத சொல்லைக்கூட. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். நடுவில் குறுக்கே பேசாதீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. நான் அரூர்க்காரி, நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, தருமபுரிக்கு வெளியே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இசை சிகிச்சை என்ற பேரையே நாங்கள் கேள்விப்பட்டதில்லை. மருந்து தட்டுப்பாடு, துணி தட்டுப்பாடு, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தோம்.

ஒருநாள் பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து மாதப்பன் என்ற குடியானவரை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். தலையில் இடப்பக்கம் பலமான அடி. உயிர் தங்குமா என்றே சந்தேகம். தங்கியது. ஆனால் வலது கை தூக்க வரவில்லை, வலது கால் இழுத்தது, பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. ‘ஆமா’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. எதைக் கேட்டாலும் ‘ஆமா’.

கூடவே வந்தவர் அவர் மனைவி கெம்பாயி. வந்த அன்றிலிருந்து அந்தப் பெண் கட்டிலைவிட்டு நகரவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் இடி. புருஷன் இங்கே கட்டிலில். அவரைத் தலையில் அடித்துத் தள்ளியதாகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது வேறு யாரையும் இல்லை, அவள் கூடப்பிறந்த தம்பி முனியப்பனை.

விஷயம் இதுதான். மாதப்பனுக்கும் மச்சான் முனியப்பனுக்கும் பொதுவில் ஒரு கிணறு. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏற்றம் இறைப்பார்கள். உங்களில் பாதிப் பேர் ஏற்றத்தைப் பார்த்திருக்கமாட்டீர்கள். கிணற்றுக்கு மேலே நீளமான மரம் ஒன்று குறுக்கே தாங்கி நிற்கும், அதுதான் துலா. அதன்மேல் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். முன்னே வந்தால், அதன் நுனியில் தொங்கும் சால், அதாவது பெரிய வாளி, கிணற்றுக்குள் இறங்கும், பின்னே போனால் தண்ணீரோடு மேலே வரும். கீழே நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். கீழே நிற்பவர் பாட்டில் பாதி அடியைப் பாடுவார், மேலே நடப்பவர் மீதிப் பாதியை எடுப்பார். மேலே இருப்பவன் எப்போது திரும்புகிறான் என்று கீழே இருப்பவனுக்கும், சால் கவிழ்ந்ததா என்று மேலே இருப்பவனுக்கும் அந்தப் பாட்டுத்தான் சொல்லும். பாட்டில்லாமல் யாரும் ஏற்றம் இறைப்பதில்லை.

அடிபட்டதற்கு முதல் நாள் சாயங்காலம், யார் கொல்லைப் பயிருக்கு முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்று மாதப்பனும் முனியப்பனும் ஊர் பார்க்கச் சண்டை போட்டிருக்கிறார்கள். மறுநாள் காலை கிணற்றடிக் கல்லில் மாதப்பன் மண்டை உடைந்து கிடக்கிறார், பக்கத்தில் முனியப்பன் நிற்கிறான். “நாங்க எறைச்சிக்கிட்டு இருந்தோம், மாமா துலாவுல இருந்து வுழுந்துட்டாரு” என்கிறான். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னது, “அன்னிக்குப் பாட்டுச் சத்தமே வரலீங்க. பாட்டில்லாம எங்க ஏத்தம் எறைச்சாங்க?” வாய்க்காலும் சரியாக நனைந்திருக்கவில்லை. அது போதாதா? ஏற்றம் இறைக்கவில்லை, அடிதான் நடந்திருக்கிறது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. மாதப்பனின் அண்ணன் போய்ப் புகார் கொடுத்தார். முனியப்பனைச் சப்-ஜெயிலில் போட்டார்கள்.

மாதப்பனுக்குக் கொஞ்சம் தெளிந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்த ‘ஆமா’வைச் சோதித்துப் பார்த்தது.

“உங்க பேரு மாதப்பனா?”

“ஆமா.”

“உங்க பேரு கோவிந்தனா?”

“ஆமா.”

சொல்லி முடித்ததும் முகம் சுருங்கிப்போயிற்று. இடது கையால் கட்டில் சட்டத்தைக் குத்தினார். கண்ணில் தண்ணீர். தான் சொன்னது தப்பு என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே எல்லாம் இருக்கிறது, வெளியே வர வழிதான் இல்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. இந்த ஆளைப் பேசவைக்காமல் அனுப்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் டாக்டர் அதிகம் பேசாதவர். “பேச்சுப் போன சிலருக்குப் பாட்டு வரும்னு படிச்சிருக்கேன், பார்க்கலாம்” என்று சொல்லித் தன் வீட்டிலிருந்து கிராமபோன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். வார்டே திரண்டுவந்து பார்த்தது. அருமையான சங்கீதம், பெரிய வித்வான். மாதப்பன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் பெட்டியைத் திறந்ததும் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டார். மருந்து மாதிரி ஒரு கரண்டி சங்கீதத்தை ஊற்றினால் உள்ளே போய்விடும் என்று நினைத்தோம். அவருக்கு அது சத்தம், அவ்வளவுதான். அவர் வாழ்க்கையில் அந்தப் பாட்டுக்கு இடமே இருந்ததில்லை.

“இவரு எதாச்சும் பாடுவாரா?” என்று கெம்பாயியைக் கேட்டேன்.

“வூட்டுல பாடமாட்டாருங்க நர்சம்மா. ஏத்தத்துல தான் பாடுவாரு.”

“அதை நீ பாடு.”

“அய்யோ, அது ஆம்பளைங்க பாட்டுங்க. பொம்பளை பாடுனா சிரிப்பாங்க.”

“சிரிக்கறவங்கள நான் பாத்துக்கறேன். முதல் பாதியை மட்டும் பாடு. மீதியை வுட்டுடு.”

வார்டில் யார் யார் பார்க்கிறார்கள் என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டு மெதுவாக எடுத்தாள்.

“கெணத்துல தண்ணி —”

மாதப்பன் கண்ணைத் திறந்தார்.

“கெணத்துல தண்ணி —”

“கீழ கெடக்குதே” என்றார் மாதப்பன்.

தெளிவாக, மெட்டோடு, ஒரு எழுத்துப் பிசகாமல். கெம்பாயி அழுதுகொண்டே அடுத்த அடியை எடுத்தாள், “மேட்டுக் கொல்லை —”. அவர் “மேல காயுதே” என்று முடித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும் குதித்தேன், பொய் சொல்வானேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பேச்சு: மாதப்பனுக்குப் பேச்சு வந்துவிட்டது. அவர் அண்ணன் காதிலும் அது விழுந்தது. மனுஷன் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், “எந்தம்பிக்குப் பேச்சு வந்துடுச்சுங்க, இப்ப வந்து கேளுங்க, யாரு அடிச்சான்னு சொல்லுவான்” என்று சொல்லிவிட்டார். மாஜிஸ்டிரேட் நேரில் வந்து வாக்குமூலம் எடுப்பார் என்று எங்களுக்குத் தகவல் வந்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மாதப்பனுக்குப் பேச்சு வரவில்லை. பாட்டு வந்திருந்தது. இரண்டும் ஒன்றல்ல. பல வருஷமாக நாக்கில் ஊறிப்போன பாட்டு தானாக வருகிறது. அதில் அவர் சொல்ல நினைக்கிற சொல் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை. முனியப்பன் அடித்தானா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வார்? ‘ஆமா’. எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். முனியப்பன் பல வருஷம் ஜெயிலில் கிடப்பான். முனியப்பன் அடிக்கவில்லை என்றால்? அடித்திருந்தால்கூட, இப்படி வந்த ‘ஆமா’வை வைத்துத் தண்டிக்கலாமா?

நான் டாக்டரிடம் போய் மாஜிஸ்டிரேட் வருவதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னேன். அவர் எழுதிக் கேட்டுப் பார்த்தார். ரொம்ப நாள் கொடுக்கவில்லை. கிடைத்த நாளைக்குள் செய்யவேண்டியதைச் செய்வது என்று இறங்கினேன்.

மாதப்பனின் இடது கையைப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் தட்டவைத்தேன், ஏற்றத்தில் காலடி விழுகிற அதே வேகத்தில். மெட்டை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றினேன். “தொண்டை காயுது —” என்று நான் பாடினால் அவர் “தண்ணி வேணும்” என்று முடிக்க வேண்டும். முதலில் வரவில்லை. “கீழ கெடக்குதே” என்றுதான் வந்தது. திரும்பத் திரும்ப, காலையிலும் மத்தியானமும். டியூட்டி முடிந்த பிறகும் உட்கார்ந்தேன். மேட்ரன் ஒருநாள் என்னிடம், “உனக்குத் தொண்டை வலிக்கலயா?” என்று கேட்டார். வலித்தது. ஒருநாள் “தண்ணி வேணும்” என்று வந்தது. அன்றைக்கு அவருக்கு உண்மையிலேயே தாகம் எடுத்திருந்தது. ஒரு செம்பு முழுக்கக் குடித்தார்.

அப்புறம் ஒருநாள் கேட்டேன், “இன்னிக்குக் காலையில —”. “கஞ்சி குடிச்சேன்” என்றார். சபாஷ் என்று நான் சொன்னபோது கெம்பாயி, “இல்லீங்க நர்சம்மா, கஞ்சி நேத்து. இன்னிக்குக் களி” என்றாள். மாதப்பனும் தலையை ஆட்டி ஆட்டிக் கட்டிலைக் குத்தினார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. முதல் நாள் அதே அடியை நான் பலமுறை பாடிப் பழக்கியிருந்தேன். கஞ்சி அதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று வந்தது அவர் பதில் இல்லை, என் பழக்கம். இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்று அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு முறையையே மாற்றினேன். ஒரே கேள்விக்கு ஒரே பதிலைப் பழக்குவதில்லை. தினமும் வேறு வேறு கேட்பேன், சரியா தப்பா என்று எனக்குத் தெரியக்கூடியதையே கேட்பேன். தாளம் தட்டுவது அவர் கையில் இருக்க வேண்டும். நான் பாடும் பாதியில் பதிலின் சாயல்கூட இருக்கக் கூடாது. வேகம் குறைந்தது, ஆனால் வந்தது அவருடையதாக இருந்தது. சில சமயம் மெட்டு தேய்ந்து ஒரு சொல் வெறும் பேச்சாகவே விழும். “வெயிலு.” “போதும்.” அப்படிச் சின்னச் சின்ன சொற்கள்.

மாஜிஸ்டிரேட் வருவதற்கு முதல் நாள் மத்தியானம், மாதப்பன் தூங்கிக்கொண்டிருந்தபோது, கெம்பாயி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

“நர்சம்மா, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஒரே ஒரு வரி சொல்லிக்குடுங்க. ‘நானே வுழுந்தேன்’னு. ராத்திரிக்குள்ள ஒட்டிக்கும். கஞ்சி ஒட்டிக்கலீங்களா, அந்த மாதிரி.”

உண்மையைச் சொன்னால், அவள் சொல்வதற்கு முன்பே அந்த எண்ணம் எனக்கும் வந்திருந்தது. முனியப்பன் அடித்திருக்கமாட்டான் என்றுதான் நானும் நம்பினேன். ஒரு வரி போதும், ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும்.

“கெம்பாயி, ஒண்ணு கேக்கறேன். ஒந்தம்பி அடிக்கலன்னு ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அவன் அப்படிப்பட்டவன் இல்லீங்க.”

“நீ கூட இருந்தியா?”

“இல்லீங்க.”

“நானும் இல்ல. கூட இருந்தவரு உள்ள தூங்கறாரு. அது அவரு வாய். அதுல நீயும் வைக்கக் கூடாது, நானும் வைக்கக் கூடாது.”

“அப்ப எந்தம்பி ஜெயில்ல சாவட்டுங்களா?” என்று கேட்டுவிட்டுத் தூணில் தலையை மோதிக்கொண்டாள். பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். அந்த ராத்திரி முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரியா என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் மாறமாட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. அவளை நம்பி அவரோடு தனியாக விட முடியாது என்று, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவளுக்கு அது புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலையில் மாஜிஸ்டிரேட் வந்தார். கூடவே சப்-இன்ஸ்பெக்டர். மாதப்பனின் அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றுகொண்டார். மாஜிஸ்டிரேட் சுற்றி வளைக்கவில்லை.

“முனியப்பன் உன்னை அடிச்சானா?”

“ஆமா.”

அண்ணன் பெருமூச்சு விட்டார். சப்-இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். நான் முன்னே போய் நின்றுவிட்டேன்.

“ஐயா, இவரு பேரு கோவிந்தனான்னு கேளுங்க.”

“நீங்க யாரு?”

“இந்த வார்டு நர்ஸ்ங்க. தயவுசெஞ்சு கேளுங்க.”

எரிச்சலோடு கேட்டார். “உன் பேரு கோவிந்தனா?”

“ஆமா.”

“உன் பொண்டாட்டிதான் உன்னை அடிச்சாளா?” இதை அவராகவே கேட்டார்.

“ஆமா.” சொல்லிவிட்டு மாதப்பன் கட்டிலை ஓங்கிக் குத்தினார்.

மாஜிஸ்டிரேட் பேனாவைக் கீழே வைத்தார். டாக்டர் அப்போது வாயைத் திறந்து, இந்த ‘ஆமா’வுக்கு அர்த்தம் இல்லை என்றும், தன் சொல்லாகச் சொல்ல இவருக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றும் விளக்கினார். பாட்டு என்றதும் மாஜிஸ்டிரேட்டுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா தெரியவில்லை.

“வாக்குமூலத்தைப் பாட்டா எழுதச் சொல்றீங்களா, டாக்டர்?”

“அவரு சொல்றத எழுதுங்கய்யா” என்றேன் நான். “நான் ரெண்டே ரெண்டு கேள்விதான் பாடுவேன். ஒண்ணு ‘அன்னிக்குக் காலையில’. இன்னொண்ணு ‘அதுக்கப்புறமா’. யாரு பேரும் சொல்லமாட்டேன், அடிச்சது வுழுந்தது எதுவும் என் வாயில வராது. வந்தா நிறுத்திடுங்க. சொந்தக்காரங்க எல்லாரும் வெளிய போகட்டும். அவரு பொண்டாட்டியும் போகட்டும், அண்ணனும் போகட்டும்.”

அண்ணன் முறைத்தார். மாஜிஸ்டிரேட் வாசலைக் கையால் காட்டினார். எல்லாரும் போனார்கள்.

மாதப்பனின் இடது கையைக் கட்டில் சட்டத்தில் எடுத்து வைத்தேன். அவராகவே தட்ட ஆரம்பித்தார். என் குரல் கரகரவென்றுதான் வந்தது.

“அன்னிக்குக் காலையில —”

“ஏத்தம்... ஏறுனேன்.”

“அதுக்கப்புறமா —”

“முனியன்... கூப்ட்டான்.”

“அதுக்கப்புறமா —”

தட்டு நின்றுவிட்டது. மாதப்பன் என்னைப் பார்த்தார். அப்புறம் மாஜிஸ்டிரேட்டைப் பார்த்தார். உதடு துடித்தது. சொல்லத் தெரியாமல் நிற்கிற முகம் எனக்குப் பழக்கம். இது அந்த முகம் இல்லை. சொல்லத் தெரிந்திருந்தது, சொல்ல மனசு வரவில்லை. நான் மறுபடி பாடவில்லை. காத்திருந்தேன். கை மெதுவாகத் தட்ட ஆரம்பித்தது.

“நான்... எடுக்கல.”

“அதுக்கப்புறமா —”

“காலு... தப்பிச்சி.”

மாஜிஸ்டிரேட் நிமிர்ந்தார். “எடுக்கலன்னா? எதை எடுக்கல?”

எனக்குப் புரிந்துவிட்டது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“எதை எடுக்கல?” மாஜிஸ்டிரேட் இந்தத் தடவை மாதப்பனிடமே குனிந்து கேட்டார்.

“பாட்டு” என்றார் மாதப்பன். மெட்டு இல்லை, தட்டு இல்லை. “பாட்டு... எடுக்கல. கோவம்.”

மாஜிஸ்டிரேட் சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். “அந்த முனியப்பன் என்ன சொன்னான்?”

சப்-இன்ஸ்பெக்டர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். “மொத நாள்லேர்ந்து ஒரே கதையத்தான் சொல்றான் சார். அவன் ஒரு அடி மெதுவாப் பாடிக் கூப்பிட்டானாம். இவரு முதல் நாள் சண்டையை மனசுல வச்சுக்கிட்டுப் பதில் அடி எடுக்காம நடந்தாராம். அவனும் ரோஷத்துல அதுக்கப்புறம் பாடலயாம். ரெண்டு சால் எறைக்கறதுக்குள்ள திரும்புற எடத்துல கால் தவறிட்டாராம். பாடாம யாரு சார் எறைப்பாங்கன்னு நாங்க நம்பல.”

‘மாமா வுழுந்துட்டாரு’ என்று அவன் சொன்னது தவிர, எனக்கு அதுவரை இது எதுவுமே தெரியாது. ஜெயிலில் இருந்தவன் சொன்னதை எங்களுக்கு யார் வந்து சொல்வார்கள்? இரண்டு பேரும் வெவ்வேறு இடத்திலிருந்து ஒன்றையே சொல்லியிருந்தார்கள்.

மாஜிஸ்டிரேட் விடவில்லை. அவர் வேலை அது. “இவருக்கு யாராவது சொல்லிக்குடுத்தீங்களா?” என்று என்னைக் கேட்டார். “இல்லீங்க” என்றேன். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. அவர் அதோடு நிற்காமல் கெம்பாயியை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

“நீ இவருக்கு எதாவது சொல்லிக்குடுத்தியாம்மா? உண்மையைச் சொல்லு.”

கெம்பாயிக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. தம்பி பிழைத்தானா போனானா என்றே தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“சொல்லிக்குடுக்கச் சொல்லி இவங்க காலைப் புடிச்சேன்ங்க. ‘நானே வுழுந்தேன்’னு. இவங்க முடியாதுன்னுட்டாங்க. ராத்திரி பூரா எங்கிட்ட அவரை வுடாம காவல் காத்தாங்க.”

சொல்லிவிட்டு, தம்பிக்குத் தானே குழி தோண்டிவிட்டதாக நினைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாஜிஸ்டிரேட் அவளை எழுந்திருக்கச் சொன்னார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார். மாதப்பன் சொன்ன சொற்களை மட்டும் எழுதினார், இடையில் ஒன்றும் சேர்க்கவில்லை. மாதப்பன் இடது கையால் ரேகை வைத்தார்.

யோசித்துப் பாருங்கள். ‘நானே வுழுந்தேன்’ என்று நாங்கள் பழக்கியிருந்தால் அவர் அதைத்தான் அழகாகப் பாடியிருப்பார். எப்படி விழுந்தாய் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். ‘நானே வுழுந்தேன்’. கூட யார் இருந்தார்கள்? ‘நானே வுழுந்தேன்’. பெண்டாட்டியும் நர்சும் சேர்ந்து பழக்கியது என்று பார்த்தவுடனே தெரிந்திருக்கும். முனியப்பன் சொன்ன உண்மையும் அதோடு செத்துப்போயிருக்கும். அவர்மேலேயே பழி விழுகிற மாதிரி ஒரு பதிலை நாம் யாரும் அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கமாட்டோம். அவர்தான் சொன்னார்.

நீங்கள் நல்ல மனசுக்காரர்கள்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது. நோயாளி சீக்கிரம் ஒரு வாக்கியம் சொல்லிவிட வேண்டும், வீட்டுக்காரர்கள் மகிழ வேண்டும் என்று ‘அம்மா உன்மேல் பாசம்’ என்று ஒரு வரியைப் பாடவைத்துக் கைதட்டு வாங்குவீர்கள். அந்த ஆளுக்கு அன்றைக்கு அம்மாமேல் கோபமாக இருக்கலாம். கேட்டீர்களா? பாதியைப் பாடுங்கள், மீதியை விடுங்கள். அவர் எடுக்கும்வரை காத்திருங்கள். நேரம் ஆகும். ஆகட்டும்.

முனியப்பனை விட்டுவிட்டார்கள். மாதப்பன் இன்னும் கொஞ்ச காலம் எங்களிடம் இருந்தார். கோலூன்றி நடக்கப் பழகினார். முழுப் பேச்சு அவருக்குத் திரும்பவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எதையும் கூட்டிச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. ஊருக்குப் புறப்படும் நாளில் வண்டியோட்டிக்கொண்டு வந்தது முனியப்பன். ஆள் பாதியாக இளைத்திருந்தான். ஜெயிலில் மொட்டையடித்த தலையில் அப்போதுதான் முடி முளைத்துக்கொண்டிருந்தது. மாமாவைப் பார்த்தான். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கெம்பாயி மூட்டையை ஏற்றிக்கொண்டே இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மாதப்பன் வண்டிப் படியருகே போய் நின்றார். ஏறவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். தாளம் தட்டிக் கொடுக்கக் கை போனது, இழுத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் வாயைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். அப்புறம் வெறும் பேச்சாக வந்தது.

“முனியா... தப்பு... எம்மேல.”

முனியப்பன் மாட்டை விட்டுவிட்டு வந்து அவர் அக்குளில் தோள் கொடுத்தான்.

“தெரியும் மாமா. ஏறு, வெயில் வருது.”